பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது: ஈர்ப்பு விதியைத் திருத்தினால் விடை கிடைக்குமா?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விண்வெளிச் செய்தி என்றால் ஆட்கள் நின்று கேட்பார்கள். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் இந்த மாவட்டத்தவர்தான். ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. குறை எங்கே என்றால், கைக்கு வந்து சேரும் வீடியோக்களில். "கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் ஈர்ப்புத் துளை", "ஐன்ஸ்டீன் சொன்னது பொய்த்துவிட்டது", "ஈர்ப்பு விசை தள்ளவும் செய்யும்" என்று மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழைத்துக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் கேட்கும் கேள்வியும் அதே குழப்பத்தோடுதான் வருகிறது.

உண்மையில் இதற்குள் அருமையான ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது. பிரபஞ்சம் நாளுக்கு நாள் வேகமெடுத்து விரிகிறது. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றா, இல்லை ஈர்ப்பைப் பற்றி நாம் எழுதிவைத்திருக்கும் விதியே பெரிய தூரங்களுக்குப் பொருந்தாமல் போகிறதா? இரண்டாவது வழியில் தேடுவதற்குத்தான் திருத்திய ஈர்ப்பு என்று பெயர். கணிதம் இல்லாமல் அதை எவ்வளவு தூரம் புரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவு தூரம் போவோம்.

முதலில் அந்தக் கடல் சமாச்சாரம்

இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே, பூமியின் ஈர்ப்பு சுற்றுவட்டாரத்தைவிடச் சற்றே குறைந்திருக்கும் பெரிய பகுதி ஒன்று உண்டு. டச்சு ஆய்வாளர் வெனிங் மெய்னஸ் 1948இல் அதைக் கண்டறிந்தார். பூமிக்கு ஒழுங்கான ஒரு வடிவத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், அங்கே கடல் மட்டம் 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. இது துளை கிடையாது. பல நூறு கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் மெல்லிய தாழ்வு. ஆழ்கடல் தங்கலுக்குப் போகும் தூத்தூர் விசைப்படகுகள் அந்தப் பக்கம் போனாலும் படகில் இருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அங்கே ஈர்ப்பு ஏன் குறைவு? அடியில், பூமியின் ஆழத்தில், அடர்த்தி குறைந்த சூடான பொருள் இருப்பதே காரணமாக இருக்கலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் கணினி மாதிரிகளை வைத்துக் காட்டினார்கள். நிறை குறைந்தால் இழுப்பு குறையும். நியூட்டன் விதியே இதைச் சொல்லிவிடும். விதியில் எந்த ஓட்டையும் விழவில்லை.

திருத்திய ஈர்ப்பு என்பது இது இல்லை. அதே நிறை, அதே தூரம், ஆனால் விதி சொல்லும் விடையே வேறு என்றால்தான் ஈர்ப்பைத் திருத்துகிறோம் என்று பொருள். ஈர்ப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறைவது ஒரு விஷயம், ஈர்ப்பின் விதி மாறுவது இன்னொரு விஷயம். இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றுவிட்டால் மேலே சொன்ன வீடியோக்களில் பாதி தானாக விழுந்துவிடும்.

விரிவது எது?

குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பிரபஞ்ச விரிவைப் புரியவைப்பது சுலபம். விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த பாலை வடிகட்டி, தண்ணீரும் கொஞ்சம் ஆசிட்டும் சேர்த்து டிஷ்ஷில் ஊற்றி வைப்பார்கள். உறைந்ததும் தயிர்க்கட்டி போலத் தளதளவென்று ஒரு பாளம் கிடைக்கும். அதை உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றுவார்கள். ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் பாளம் மெலிந்து நீளும்.

எவ்வளவு வடிகட்டினாலும் பட்டைத் துணுக்கு ஒன்றிரண்டு பாலில் தங்கிவிடும். அப்படி மூன்று துணுக்குகள் பாளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் துணுக்கிலிருந்து இரண்டாவது 10 சென்டிமீட்டர் தள்ளி, மூன்றாவது 20 சென்டிமீட்டர் தள்ளி. பாளம் இரண்டு மடங்கு நீளும்போது அந்தத் தூரங்கள் 20, 40 என்று ஆகும். அதே நேரத்தில் பக்கத்துத் துணுக்கு 10 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது, தூரத்துத் துணுக்கு 20 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. எதுவும் ஊர்ந்து போகவில்லை. அவை ஒட்டியிருக்கும் ரப்பர்தான் நீண்டது. எந்தத் துணுக்கில் இருந்து பார்த்தாலும் மற்றவை தன்னைவிட்டு விலகுவதாகவே தோன்றும். நடுமையம் என்று ஒன்று தேவைப்படாது. துணுக்கு மட்டும் நீளாது, அது இருந்த அளவிலேயே இருக்கும்.

பிரபஞ்சத்தில் துணுக்கின் இடத்தில் இருப்பது கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் தங்கள் ஈர்ப்பால் சேர்ந்து கிடக்கும் கூட்டம். நம் சூரியன் இருக்கும் பால்வீதி அப்படி ஒன்று. தூரத்துக் கேலக்ஸிகள் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன என்பதை லெமெத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் எழுதினார்கள். கேலக்ஸிக்கு உள்ளே இருக்கும் விண்மீன்களோ, சூரியக் குடும்பமோ, நாமோ இதனால் பெருத்துக்கொண்டு போவதில்லை. இந்த ஒப்புமையில் ஒரு குறை உண்டு: ரப்பர் பாளம் முக்கியமாக ஒரே திசையில் நீளும், விளிம்பும் உண்டு. பிரபஞ்சம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரிகிறது. விளிம்பு இருப்பதற்கு எந்த அடையாளமும் கிடைத்ததில்லை.

இதுவரை பார்த்தது: விரிவு என்பது வெளி நீள்வது. தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும். இதில் இன்னும் புதிர் எதுவும் இல்லை.

1998இல் வந்த அதிர்ச்சி

புதிர் எங்கே வருகிறது என்றால், வேகத்தின் போக்கில். பிரபஞ்சத்தில் உள்ள பொருள் எல்லாம் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. ஆகவே விரிவு காலப்போக்கில் தளர வேண்டும். எவ்வளவு தளர்கிறது என்று அளக்கத்தான் இரண்டு குழுக்கள் 1990களில் வேலை பார்த்தன. தூரத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தியது ஒரு வகை சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன். எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனுக்கு வெண்குள்ளன் என்று பெயர். அது தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து வந்த வரம்பு அது. அந்த வரம்பை ஒட்டி வெடிக்கும் சூப்பர்நோவாக்கள் ஏறக்குறைய ஒரே பிரகாசம் கொண்டவை. உண்மையான பிரகாசம் தெரிந்துவிட்டால், எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

வந்த விடை நேர்மாறாக இருந்தது. தூரத்துச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தள்ளி இருந்தன. விரிவு தளரவில்லை; சுமார் 500, 600 கோடி ஆண்டுகளாக வேகமெடுத்து வருகிறது. பிரபஞ்சத்தின் மொத்த வயது 1380 கோடி ஆண்டு என்பதோடு ஒப்பிட்டால் இது பிற்பாதியில் நடந்த மாற்றம். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. வேறு பல அளவீடுகளும் பிறகு இதையே உறுதிசெய்தன. ஆக, வேகமெடுப்பு நடக்கிறதா என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. ஏன் என்பதில்தான் சண்டை.

சமன்பாட்டின் இரண்டு பக்கம்

மறுபடி ரப்பருக்கு வருவோம். காய்ந்த ஷீட்டில் ஒரு நாடா வெட்டி, மேல்முனையைக் கட்டி, கீழே எடை தொங்கவிட்டால் அது நீளும். எடைக்கும் நீட்சிக்கும் ஒரு விதி உண்டு. எடை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் நாடா கணக்குக்கு மீறி நீண்டு கிடக்கிறது. இரண்டு காரணம் இருக்கலாம். கண்ணில் படாத எடை ஏதோ கூடுதலாகத் தொங்குகிறது. அல்லது நீட்சி விதியே இந்த அளவுக்குப் பொருந்தாது. ரப்பர் விஷயத்தில் இரண்டாவது கற்பனை இல்லை. கொஞ்சமாக இழுக்கும்போது ஒரு விதமாகவும் நிறைய இழுத்தபின் வேறு விதமாகவும் நடந்துகொள்வது ரப்பரின் இயல்பு. சின்ன எடைகளை மட்டும் தொங்கவிட்டுப் பார்த்து விதி எழுதியவர், பெரிய நீட்சியில் தவறிப்போவார்.

ஐன்ஸ்டீன் 1915இல் தந்த பொதுச் சார்பியல் சமன்பாடும் இதே அமைப்புதான். இடப்பக்கம் காலவெளியின் வளைவு. காலவெளி என்றால் காலமும் வெளியும் சேர்ந்த பின்னல். வலப்பக்கம் அதில் இருக்கும் பொருளும் ஆற்றலும். வலப்பக்கத்தில் இருப்பது இடப்பக்கத்தை வளைக்கிறது. அந்த வளைவைத்தான் நாம் ஈர்ப்பு என்கிறோம். வேகமெடுப்பு கணக்கில் உதைக்கிறது என்றால் கைவைக்க இரண்டு இடம்.

வலப்பக்கத்தில் கைவைத்தால் அதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். டார்க் எனர்ஜி என்று செய்தியில் வருவது இதுதான். அதன் எளிய வடிவம், வெற்று வெளிக்கே சொந்தமான, விரிவால் நீர்த்துப்போகாத ஆற்றல். தூரங்கள் இரட்டித்தால் கனஅளவு எட்டு மடங்காகும், பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகக் குறையும்; வெற்று வெளியின் ஆற்றல் அடர்த்தி மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே முதலில் பொருள் ஆதிக்கம் செலுத்தி, பின்னால் இந்த ஆற்றல் மேலோங்குகிறது. வேகமெடுப்பு பிற்பாதியில் தொடங்கியதற்கு இதைவிடச் சுலபமான விளக்கம் கிடையாது. ஐன்ஸ்டீன் 1917இல் வேறு காரணத்துக்காகச் சேர்த்த பிரபஞ்ச மாறிலி என்ற எண் இதே வேலையைச் செய்கிறது. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 70 விழுக்காடு இதற்குரியது.

இது அளவீடுகளோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. பிறகு ஏன் வேறு வழி தேட வேண்டும்? ஏனென்றால், வெற்று வெளியின் ஆற்றலைக் குவாண்டம் கோட்பாட்டின்படி நேரடியாக மதிப்பிட்டால், பிரபஞ்சத்தில் காணப்படுவதைவிட 1க்குப் பின்னால் சுமார் 120 சுழியம் போடும் அளவுக்குப் பெரிய எண் வருகிறது. இயற்பியலில் இவ்வளவு பெரிய பொருத்தமின்மை வேறு எங்கும் கிடையாது என்றே சொல்லலாம். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த தாணு பத்மநாபன், 2021இல் மறையும் வரை விடாமல் மல்லுக்கட்டியது இந்தப் புதிரோடுதான். ஈர்ப்பை அடிப்படை விசை என்று எடுத்துக்கொள்ளாமல், வெப்பத்தைப் போல நுண்ணிய ஏதோ ஒன்றின் கூட்டு விளைவாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அவர் பெயர் இன்னும் நிறையச் சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இடப்பக்கத்தில் கைவைத்தால் அதுதான் திருத்திய ஈர்ப்பு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இடப்பக்கத்தைத் திருத்தினாலும் அந்த 120 சுழியப் பிரச்சினை தானாகத் தீராது. வெற்று வெளியின் ஆற்றல் ஏதோ காரணத்தால் இல்லாமல் போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டு, வேகமெடுப்புக்கு மட்டும் வேறு காரணம் சொல்வதே இந்த வழியில் வரும் பெரும்பாலான மாதிரிகளின் நிலை.

சுருக்கமாக: பொருள் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இருண்ட ஆற்றல், வளைவுப் பக்கத்தின் விதியை மாற்றினால் திருத்திய ஈர்ப்பு. இருண்ட பொருள் என்று கேள்விப்படுவது வேறு விவகாரம். கேலக்ஸிகள் சுழலும் வேகத்தை விளக்க வந்தது அது. மில்க்ரோம் 1983இல் முன்வைத்த ஈர்ப்புத் திருத்தமும் அந்தச் சுழற்சிக்காகத்தான். அதிலும் நாம் இங்கே பார்ப்பதிலும் ஈர்ப்பைத் திருத்துகிறார்கள் என்பதற்காக ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டும் நடந்திருக்கிறது

மறைந்திருக்கும் பொருளா, தவறான விதியா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு தடவை வந்தது. யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே. 1846இல் பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தபோது, சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே நெப்டியூன் இருந்தது. (நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம் அது. திருவனந்தபுரத்தில் 1837இலேயே வானோக்ககம் வந்துவிட்டது.) அடுத்து புதன் கோளும் கணக்கில் தவறியது, நூறாண்டுக்கு 43 விகலை என்ற சின்ன அளவில். விகலை என்றால் ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. அதே லெ வெரியே அதே உத்தியைக் கையாண்டு, சூரியனுக்குப் பக்கத்தில் வல்கன் என்ற கோள் இருக்க வேண்டும் என்றார். பல பத்தாண்டுகள் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டீன் தன் புதிய விதியைக் கொண்டு கணக்குப் போட, அந்த 43 விகலை அப்படியே வந்தது. நியூட்டன் விதிதான் திருத்தம் கேட்டிருக்கிறது.

ஒரே மனிதர், ஒரே மாதிரிப் புதிர், இரண்டு வேறு விடை. முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்வதற்கு நியாயம் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஐன்ஸ்டீன் வந்ததால் நியூட்டன் குப்பைக்குப் போகவில்லை. மகேந்திரகிரியில் இன்ஜின் சோதிப்பவர்களுக்கு இன்றைக்கும் நியூட்டன் போதும். ஈர்ப்பு வலுவாக உள்ள இடங்களில் மட்டும் திருத்தம் தேவைப்பட்டது. அதுபோல, திருத்திய ஈர்ப்பு சரி என்று நாளைக்கே தெரிந்தாலும் ஐன்ஸ்டீன் பொய்யாகிவிடமாட்டார். கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தூரங்களில் அவர் விதிக்கு மேலே இன்னொன்று தேவை என்றுதான் ஆகும்.

எப்படித் திருத்துகிறார்கள்?

பல வழிகள் உண்டு. மூன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

முதல் வழியில், ஐன்ஸ்டீன் விதியின் அடித்தளத்தில் வளைவைக் குறிக்கும் எண் எளிய வடிவில் வரும் இடத்தில், அந்த எண்ணைக் கொண்ட சற்றுச் சிக்கலான ஒரு கோவையைப் போடுவார்கள். இதற்கு எஃப்-ஆர் ஈர்ப்பு என்று பெயர். ஸ்டாரோபின்ஸ்கி 1980இல் பிரபஞ்சத்தின் தொடக்க காலத்துக்காக இப்படி ஒன்றைச் செய்தார். இன்றைய வேகமெடுப்புக்கான பிரபலமான வடிவத்தை ஹூவும் சவிக்கியும் 2007இல் தந்தார்கள். வளைவு அதிகமாக உள்ள இடத்தில் ஐன்ஸ்டீன் விடையே வரும். வளைவு மிக மெலிந்த, ஏறக்குறைய வெறுமையான பரந்த வெளியில் மாற்றம் தலைகாட்டும்.

இரண்டாவது வழியில், நாம் அறியாத கூடுதல் பரிமாணம் ஒன்றுக்குள் ஈர்ப்பு மிகப் பெரிய தூரங்களில் கசிந்துவிடுகிறது. த்வாலி, கபடாட்ஸே, பொர்ராட்டி 2000இல் முன்வைத்தது. அழகான யோசனை, ஆனால் தானாகவே வேகமெடுக்கும் அதன் வடிவம் கணிதத்திலும் அளவீட்டிலும் அடிபட்டுப்போனது.

மூன்றாவது வழியில், ஈர்ப்பைச் சுமந்து செல்லும் துகளுக்கு மிக மிகச் சிறிய நிறை இருப்பதாகக் கொள்வார்கள். நிறை இருந்தால் வீச்சு குறையும், பிரபஞ்ச அளவுத் தூரங்களில் ஈர்ப்பு தளர்ந்துபோகும். ஃபியர்ஸும் பௌலியும் 1939இல் தொடங்கிய இந்த யோசனைக்கு ஒழுங்கான கணித வடிவம் கிடைத்தது 2010இல்தான்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விளைவு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். விதியைத் திருத்தினால், பெரும்பாலும் காலவெளி வளைவோடு கூட இன்னொரு புலமும் முளைத்துவிடும். புலம் என்றால் இடம்தோறும் ஒரு மதிப்பைக் கொண்டு பரவியிருப்பது, ஒரு மாவட்டத்தின் வெப்பநிலை ஊருக்கு ஊர் ஒரு மதிப்பைக் கொண்டிருக்கிறதே, அந்த மாதிரி. இந்தப் புதுப் புலம் பொருள்களுக்கு இடையே கூடுதலாக ஓர் இழுப்பைத் தரும். இயற்பியலில் ஏற்கெனவே நான்கு அடிப்படை விசைகள் இருப்பதால் இதை ஐந்தாம் விசை என்பார்கள். எஃப்-ஆர் ஈர்ப்பில் அது சாதாரண ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கக்கூடும். கவனித்தீர்களா? வேகமெடுப்பை விளக்க வந்த கோட்பாடு கேலக்ஸிகளுக்கு இடையே ஈர்ப்பைக் கூட்டுகிறது. "திருத்திய ஈர்ப்பு என்றால் தள்ளும் ஈர்ப்பு" என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இங்கே தெரியும். வேகமெடுப்பு என்பது மொத்த வெளியின் விரிவில் நடப்பது. அதற்குள் பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பது நிற்பதில்லை.

சூரியக் குடும்பத்தில் ஏன் தெரியவில்லை?

வேகமெடுப்பை உண்டாக்கும் கோட்பாடு எழுதுவது அவ்வளவு கடினம் இல்லை. பக்கத்தில் எதையும் கெடுக்காமல் எழுதுவதுதான் கடினம். இந்தத் துறையின் மொத்தப் பாடும் இதில்தான் இருக்கிறது.

1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் பிரதிபலிப்பான் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் அடித்து, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நிலவின் தூரத்தை இன்றும் அளந்துவருகிறார்கள். ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால் வேண்டாம், மிகச் சிறிய அளவில் பிசகியிருந்தாலே அந்த அளவீட்டில் மாட்டியிருக்கும். 2002இல் சனிக் கோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனை உரசிக்கொண்டு வந்தன. சூரியன் காலவெளியை வளைப்பதால் அலைகளில் என்ன மாற்றம் வர வேண்டும் என்று ஐன்ஸ்டீன் விதி சொன்னதோ, அதுவே ஒரு லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு என்ற துல்லியத்தில் கிடைத்தது. ஐந்தாம் விசைக்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே, தூரத்தில் வேலை செய்து பக்கத்தில் ஒளிந்துகொள்ளும் விசை வேண்டும். இப்படி ஒளிந்துகொள்வதற்குத் திரையிடல் என்று பெயர். கௌரியும் வெல்ட்மனும் 2004இல் காட்டிய வழிக்குப் பச்சோந்தி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், சுற்றுப்புறத்தைப் பார்த்து இயல்பை மாற்றிக்கொள்வதால். அடர்த்தி அதிகமாக உள்ள இடத்தில் அந்தப் புலத்தின் வீச்சு மிகக் குறுகிவிடும், விசை வெளியே எட்டிப் பார்க்காது. அடர்த்தி குறைந்த பெருவெளியில் வீச்சு நீண்டுவிடும். வைன்ஷ்டைன் 1972இல் கண்ட இன்னொரு வழியில், பெரிய நிறைக்குப் பக்கத்தில் புலம் தன் மேலேயே மோதிக்கொண்டு அடங்கிவிடுகிறது.

கேட்பதற்குச் சௌகரியத்துக்காகச் சொன்ன சாக்கு மாதிரி இருக்கலாம். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் இது சோதிக்கக்கூடிய சாக்கு, அதுதான் முக்கியம். பச்சோந்திப் புலம் உண்மையென்றால், காற்று உறிஞ்சப்பட்ட ஒரு பெட்டிக்குள் ஓர் அணுவின் மேல் அது செயல்பட வேண்டும். அணு அவ்வளவு சிறியது, திரையிட அதனால் முடியாது. 2015இல் பெர்க்லியில் சீசியம் அணுக்களை வெற்றிடத்தில் ஒரு சிறு கோளத்துக்குப் பக்கத்தில் விழவிட்டுப் பார்த்தார்கள். கூடுதல் இழுப்பு எதுவும் தென்படவில்லை. பிரபஞ்சத்தின் விரிவைப் பற்றிய கோட்பாட்டில் ஒரு பெரும்பகுதியை மேஜைமேல் வைத்த கருவியால் தள்ளுபடி செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

இதுவரை பார்த்தது: விதியைத் திருத்தினால் ஐந்தாம் விசை வரும். அது சூரியக் குடும்பத்தில் தென்படவில்லை. ஆகவே தேறும் கோட்பாடு எதுவானாலும் திரையிடல் இருந்தாக வேண்டும்.

1.7 விநாடி

2017 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ கருவிகளில் ஈர்ப்பலை ஒன்று பதிவானது. ஈர்ப்பலை என்றால் காலவெளியில் பரவும் அதிர்வு. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் வந்தது. 1.7 விநாடி கழித்து, அதே திசையிலிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பை ஃபெர்மி செயற்கைக்கோள் பிடித்தது. மோதல் நடந்தது என்.ஜி.சி. 4993 என்ற கேலக்ஸியில், சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில்.

13 கோடி ஆண்டு ஓடி வந்த இரண்டு ஓட்டக்காரர்கள் 1.7 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். காமாக் கதிர் சற்றுத் தாமதமாகக் கிளம்பியிருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் 1க்குப் பின் 15 சுழியம் போட்ட எண்ணில் சில பங்குகளுக்கு மேல் வேறுபட முடியாது. ஐன்ஸ்டீன் விதியில் இரண்டும் சமம். ஆனால் அப்போது விருப்பமாக ஆராயப்பட்டுவந்த திருத்திய மாதிரிகள் பலவற்றில் ஈர்ப்பலை வேறு வேகத்தில் போக வேண்டும். அந்த மாதிரிகள் ஒரே நாளில் சரிந்தன. பல குழுக்கள் அடுத்த சில வாரங்களிலேயே அதை எழுதி வெளியிட்டன.

எல்லாம் சரியவில்லை. எஃப்-ஆர் ஈர்ப்பில் ஈர்ப்பலை ஒளியின் வேகத்தில்தான் போகும், அதனால் அது தப்பியது. "2017இல் திருத்திய ஈர்ப்பு செத்துப்போனது" என்று எழுதுபவர்களும் அவசரப்படுகிறார்கள். வேகமெடுப்பை முழுக்கத் தன் தோளில் சுமக்கக்கூடிய மாதிரிகள் குறைந்துபோயின என்பதே சரி. மராட்டியத்தின் ஹிங்கோலியில் லைகோவின் இந்தியக் கருவிக்கு 2023இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அது வந்தால் இப்படிப்பட்ட மோதல்கள் வானில் எங்கே நடந்தன என்று இன்னும் கூர்மையாகச் சொல்ல முடியும்.

எதை வைத்துத் தீர்ப்பது?

விரிவை மட்டும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த வழக்கு தீராது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், பெரும்பாலான செய்திகளில் விடுபட்டுப்போவது இதுதான். எந்த விரிவு வரலாற்றைக் கொடுத்தாலும் அதை இருண்ட ஆற்றலாலும் கொண்டுவரலாம், திருத்திய ஈர்ப்பாலும் கொண்டுவரலாம். ரப்பர் நாடாவின் மொத்த நீளத்தை மட்டும் அளந்தால், மறைந்திருக்கும் எடையா, மாறிய விதியா என்று பிரிக்க முடியாது அல்லவா? அதே கதைதான்.

பிரிப்பதற்கு, விரியும் வெளிக்குள் பொருள் எப்படித் திரள்கிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பிரபஞ்சத்தில் பொருள் ஏறக்குறைய சீராகப் பரவியிருந்தது. சற்றே அடர்ந்திருந்த இடங்கள் சுற்றியிருந்ததை இழுத்து இன்னும் அடர்ந்தன. கேலக்ஸிகளும் கேலக்ஸிக் கூட்டங்களும் அப்படித்தான் உருவாயின. விரிவு ஒரே மாதிரி இருந்தாலும், ஐந்தாம் விசை இருக்கும் பிரபஞ்சத்தில் இந்தத் திரட்சி வேகமாக நடக்கும். இது முதல் சோதனை.

இரண்டாவது சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு கேலக்ஸிக் கூட்டத்தின் நிறையை இரண்டு விதமாக எடைபோடலாம். அதைச் சுற்றிக் கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்து ஒன்று. அதற்குப் பின்னாலிருந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து இன்னொன்று. இதை ஈர்ப்பு வில்லை விளைவு என்பார்கள். ஐன்ஸ்டீன் விதியில் இரண்டு எடையும் ஒன்றாகவே வரும். எஃப்-ஆர் ஈர்ப்பிலோ ஐந்தாம் விசை நகரும் பொருளை இழுக்கும், ஒளியைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. ஆகவே நகர்வை வைத்துப் போட்ட எடை கூடுதலாகக் காட்டும்.

அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் சிகரத்தில் உள்ள டெசி கருவி 5000 ஒளியிழைகளைத் தானியங்கிக் கைகளால் திருப்பி, ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை அளக்கிறது. சுமார் 60 லட்சம் கேலக்ஸிகளையும் குவேசர்களையும் (மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) கொண்டு, 1100 கோடி ஆண்டுகளில் திரட்சி எப்படி வளர்ந்தது என்று அந்தக் குழு 2024 நவம்பரில் வெளியிட்டது. ஐன்ஸ்டீன் விதி சொல்வதற்குள்ளேயே அது அடங்கியது.

ஆனால் அதே குழு 2025 மார்ச்சில், இன்னும் அதிகத் தரவோடு, வேறொரு பக்கம் குண்டைத் தூக்கிப் போட்டது. இருண்ட ஆற்றல் மாறாமல் நிற்காமல், காலப்போக்கில் வலு குறைந்து வரலாம் என்ற அறிகுறி. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு உறுதி இன்னும் வரவில்லை. உண்மையாகிவிட்டால் மாறாத பிரபஞ்ச மாறிலி விடைபெற்றுக்கொள்ளும். அதோடு, அந்தத் தரவு காட்டும் போக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், இருண்ட ஆற்றலின் எளிய புல மாதிரிகளுக்கு அது பொருந்தாது; சில திருத்திய ஈர்ப்பு மாதிரிகளுக்குப் பொருந்தும். 2017இல் ஓரமாக ஒதுக்கப்பட்ட துறைக்கு மறுபடி ஆள் சேர்வது இதனால்தான்.

2023 ஜூலையில் கிளம்பிய ஐரோப்பாவின் யூக்லிட் விண்கலம் வானத்தில் மூன்றில் ஒரு பங்கை வரைபடமாக்கி வருகிறது. சிலியில் ரூபின் வானோக்ககத்தின் முதல் படங்கள் 2025 ஜூனில் வந்துவிட்டன. இரண்டும் அளக்கப்போவது வளைந்த ஒளியை, கோடிக்கணக்கான கேலக்ஸிகளில். டெசி அளப்பது நகர்வை. ஒளி சொல்லும் எடையும் நகர்வு சொல்லும் எடையும் ஒரே இடத்தில், ஒரே காலகட்டத்தில் ஒத்துவந்தால் தேடலைச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் தொடர வேண்டியதுதான். ஒத்துவராமல் போய், கருவிப் பிழையும் இல்லை என்று உறுதியானால், 1915இல் எழுதிய இடப்பக்கத்தையே திருத்தி எழுத வேண்டி வரும்.